குப்ஸ்டால் கம்பெனி துப்பாக்கி

1. இரண்டு ரைபிள், ஒரே நம்பர்

யுத்தம் முடிந்த மறு வருஷம், கார் நெல் பால் பிடிக்கும் சமயத்தில், எங்கள் கடையிலிருந்த இரண்டு வேட்டை ரைபிள்களுக்கு டெபுடி கலெக்டர் அரக்கு முத்திரை வைத்தார். ஊரில் அவரை டிப்டி என்பார்கள். அவர் முத்திரை வைத்த சமயத்தில் லைசென்ஸ்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தவள் நான்.

எங்கள் கடை என்றால் தூத்துக்குடி பீச் ரோட்டில் இருக்கும் துப்பாக்கிக் கடை. முதலாளி தங்கச்சாமி அண்ணாச்சி. துப்பாக்கி விற்பார், ரிப்பேர் பார்ப்பார், காலித் தோட்டாவில் வெடிமருந்து அடைத்துக் கொடுப்பார். அவருடைய குமாஸ்தா பட்டாளத்துக்குப் போய்விட்டதால், இங்கிலீஷ் கடிதம் எழுத ஆள் வேண்டியிருந்தது. அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது. என் அப்பா சங்கு குளிப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான், எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். அடக்கத்துக்காக இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

சேர்ந்த புதிதில் வாடிக்கையாளர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். "என்ன அண்ணாச்சி, துப்பாக்கிக் கடையில பொம்பளப்பிள்ளய உக்கார வச்சிருக்கீரு? பாசிமணி விக்கப்போறீரா?" என்று ஒருவர் கேட்டார். "அவ எழுதுத கடுதாசிக்கு மெட்ராஸ்லேருந்து பதில் வருது. நீரு எழுதினா வருமாவே?" என்றார் அண்ணாச்சி. அதற்குப் பிறகு அந்த மனிதர் என்னிடமே வந்து மனு எழுதி வாங்கினார்.

யுத்த காலத்தில் பலருடைய துப்பாக்கிகளை லைசென்ஸ் உள்ள கடைகளில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நாங்கள் அவற்றுக்கு எண்ணெய் தடவி, துணி சுற்றி, சொந்தக்காரர் பெயரைக் கட்டி அடுக்கி வைத்திருந்தோம். யுத்தம் முடிந்ததும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் டிப்டி வந்திருந்தார். நான் லைசென்ஸைப் படிப்பேன். அண்ணாச்சி துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுவார். டிப்டி தலையை அசைப்பார். சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு போவார்.

"காயல்பட்டணம் சாகுல் மரைக்காயர். ரைபிள் ஒன்று. மேக்கர் குப்ஸ்டால், ஜெர்மனி. நம்பர் 11835."

மரைக்காயர் முத்து வியாபாரி. பட்டுத் தொப்பியும் வெள்ளை அங்கியுமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி சரியாக இருந்தது. டிப்டி தலையை அசைத்தார்.

இன்னும் இரண்டு பேர் போன பிறகு அடுத்த லைசென்ஸை எடுத்தேன். கொற்கைக்குப் பக்கத்து வயல்கார ஊர். பெயர் பேச்சிமுத்து. பயிர்க் காவலுக்காகக் கொடுத்த லைசென்ஸ்.

"ரைபிள் ஒன்று. மேக்கர் குப்ஸ்டால், ஜெர்மனி. நம்பர் 11835."

படித்து முடிப்பதற்குள் என் குரல் தேய்ந்துவிட்டது. டிப்டி பேனாவை மூடினார்.

"ஒரே கம்பெனி, ஒரே நம்பர், ரெண்டு ரைபிள். எப்படி?"

அண்ணாச்சி இரண்டையும் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். "ரெண்டு குழல்லயும் அப்படித்தான் சார் குத்தியிருக்கு" என்றார். அவர் நெற்றி வியர்த்துவிட்டது.

டிப்டி கெட்ட மனிதர் இல்லை. அவர் யோசித்த விதமும் தவறில்லை. எந்தக் கம்பெனியும் ஒரே நம்பரை இரண்டு துப்பாக்கியில் போடாது. ஆகவே ஒன்று அசல். மற்றொன்று அக்கரைக் கொழும்பிலிருந்து தோணியில் கள்ளத்தனமாக இறங்கியது. லைசென்ஸ் உள்ள ஒன்றின் நம்பரைப் பார்த்து அதில் குத்தியிருக்கிறார்கள். மரைக்காயர் வீட்டு லைசென்ஸ் தாத்தா காலத்தது. பேச்சிமுத்துவின் லைசென்ஸ் பிந்தியது.

"யார் நம்பரை யார் திருடினதுன்னு நானா சொல்லணும்?" என்றார் டிப்டி.

பேச்சிமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "சாமி, எனக்கு அஞ்சுக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரியாது. நம்பர எங்கன போயிக் குத்துவேன்? எங்கய்யா ஜமீன் வேட்டைக்குக் காட்டுவழி காட்டப் போனவரு. ஜமீன்ல இருந்துதான் குடுத்தாவ."

"ஏலே, உள்ளதச் சொல்லிரு" என்றார் மரைக்காயர். "எங்க வீட்டு நம்பரு ஒனக்கு எப்படிலே வந்துச்சு?"

"நான் என்னத்தச் சொல்ல மொதலாளி? பன்னி வந்து பயிர ஒழப்பிக்கிட்டிருக்கு. துப்பாக்கிய வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேன்."

அடுத்த திங்கட்கிழமை இரண்டு ரைபிள்களையும் தம் ஆபீஸுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு டிப்டி எழுந்தார். அதற்குள் ஒழுங்கான விளக்கம் கிடைக்காவிட்டால் கள்ள ஆயுதம் வைத்திருந்ததாகப் பேச்சிமுத்துமேல் கேஸ். கேஸ் என்றால் ஜெயில்தான். அந்த மனிதர், டிப்டியோடு வந்திருந்த போலீஸ்காரரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாசல்படி இறங்கினார். செருப்பைப் போட மறந்துவிட்டார். நான்தான் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

2. பாதிக் குறுக்குக்கோடு எஃப்

குப்ஸ்டால் என்றால் எங்கள் சீமையில் பெரிய பெயர். கிராமத்தில் குப்புசாமி துப்பாக்கி என்பார்கள். "ஜெர்மனியில அவந்தான் பெரிய கம்பெனி" என்று அண்ணாச்சி வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். குழலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கிரீடங்கள் குத்தியிருக்கும். அவற்றைக் காட்டி, "ராஜா முத்திரை பாத்தீரா?" என்பார். யார் அவரிடம் சொன்னார்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

முத்திரை விசையில்தான் இருந்தது. குழலைத் தொட்டுப் பார்க்கத் தடையில்லை. மெல்லிய தாளைக் குழல்மேல் இறுக்கி வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். எழுத்துகள் வெள்ளையாகத் தாளில் எழுந்தன. அண்ணாச்சி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னளா தேடுத?"

"இந்தச் சின்ன எஃப்-ல குறுக்குக்கோடு ஒரு பக்கம்தான் இருக்கு அண்ணாச்சி."

"தேஞ்சிருக்கும்."

"ரெண்டு துப்பாக்கியிலயும் ஒரே பக்கமா தேயும்?"

கான்வென்டில் எனக்கு எழுத்து பழக்கியவர்கள், குறுக்குக்கோடு கொஞ்சம் குறைந்தாலும் ஸ்லேட்டை அழிக்கச் சொல்லுவார்கள். அதனால் எஃப் எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். இது எஃப் இல்லை. எஃப் மாதிரி நிற்கும் வேறு எதுவோ.

தாளை எடுத்துக்கொண்டு கான்வென்டுக்குப் போனேன். அங்கே தையல் வகுப்பு எடுத்த மதர் அகாத்தா சுவிட்சர்லாந்துக்காரர். ஜெர்மன் அவருடைய வீட்டுப் பாஷை. தமிழை வேதபுத்தகத்தில் கற்றுக்கொண்டவர், அப்படித்தான் பேசுவார்.

"செலஸ்தீன், துப்பாக்கி விற்கும் ஸ்திரீயே, வா. யாரைச் சுடப்போகிறாய்?"

"மதர், இந்தக் கம்பெனி பேரைப் படிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முதலில் உதடு அசைந்தது. பிறகு தோள் குலுங்கியது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கம்பெனியா? மகளே, எங்கள் பழைய அச்செழுத்தில் எஸ் நெட்டையாக இருக்கும். நீங்கள் அதை எஃப் என்று எண்ணினீர்கள். இது குப்ஸ்டால் அல்ல, குஸ்-ஷ்டால். அது மனுஷன் அல்ல. வார்ப்பு எஃகு. குழல் என்ன உலோகம் என்று எழுதியிருக்கிறார்கள்."

"அப்ப செஞ்சவர் பேர் இல்லையா?"

மதர் மேஜையிலிருந்த பழக்கத்தியை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். அதில் ஸ்டெயின்லெஸ் என்று குத்தியிருந்தது.

"இந்தக் கத்தியை மிஸ்டர் ஸ்டெயின்லெஸ் செய்தாரா?"

நான் கடைக்கு ஓடியே வந்தேன். அண்ணாச்சி கேட்டுவிட்டுக் குழலை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அப்ப நான் இத்தன வருஷமா பெருமையடிச்சது இரும்பப் பத்தியா?"

"ஆமா அண்ணாச்சி."

"வெளிய சொல்லிராத" என்றார். பிறகு, "ஏளா, பேரு ஒண்ணா இருக்கதுக்குக் காரணம் கெடச்சாச்சு. நம்பரு ஒண்ணா இருக்கே, அதுக்கு என்ன சொல்லுவ?" என்று கேட்டார்.

நான் தாளை மடித்து மேஜை டிராயரில் வைத்தேன்.

3. இருபதாம் பெட்டி முத்து

வாரக் கடைசியில் மரைக்காயர் கடைக்கு வந்தார். தம்முடைய ரைபிளுக்கும் முத்திரை வைத்ததில் அவருக்கு ஆத்திரம்.

"எவனோ செஞ்ச திருட்டுக்கு எங்க பொருள் ஏன் கட்டுண்டு கெடக்கணும் அண்ணாச்சி? எங்க வாப்பாவோட வாப்பா இருபதாம் பெட்டி முத்துக் குடுத்து வாங்கின துப்பாக்கி இது. நூறாம் பெட்டி இல்ல, இருபதாம் பெட்டி!"

இதைப் படிக்கிற வெளியூர்ப் பெண்களுக்குப் பெட்டி என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையில் முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். அந்தச் சல்லடைக்குப் பெயர்தான் பெட்டி. எல்லாம் ஒரே அளவுள்ள கிண்ணங்கள். ஒன்றில் இருபது துளை, அடுத்ததில் முப்பது, அப்படியே ஏறி ஆயிரம் துளைவரை போகும். துளை கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறுக்கும். இருபதாம் பெட்டியில் நிற்பது பெரிய முத்து. ஆயிரத்தில் நிற்பது கடுகு மாதிரி. நம்பர் ஏறினால் முத்து சிறிது. சங்குக்கும் முத்துக்கும் கடலில் இறங்குபவர்கள் வீட்டில் இது குழந்தைக்கும் தெரியும்.

மரைக்காயர் பேசிக்கொண்டே இருந்தார். என் கண் அலமாரிக்குப் போனது. அங்கே டுவெல்வ் போர், சிக்ஸ்டீன் போர், ட்வென்டி போர் துப்பாக்கிகள் சாய்த்து வைத்திருந்தன. டுவெல்வ் போர் குழல் பெரியது. ட்வென்டி போர் சின்னது. தினமும் பார்க்கிறேன், தினமும் எழுதுகிறேன். அங்கேயும் நம்பர் ஏறினால் துளை சிறிது.

"அண்ணாச்சி, டுவெல்வ் போர்னு ஏன் பேரு?"

"இதக் கேக்கதுக்கு இப்பதான் நேரமா? ஒரு ராத்தல் ஈயத்துல பன்னெண்டு குண்டு வார்த்தா, அந்தக் குண்டு போற குழல் டுவெல்வ் போர். இருவது வார்த்தா ட்வென்டி."

"நூத்திப் பதினெட்டு குண்டு வார்த்தா?"

"அது எலந்தக்கொட்ட மாதிரி இருக்கும். ரைபிளுக்குத்தான்..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

நான் தேய்த்தெடுத்த தாளை விரித்தேன். 118க்கும் 35க்கும் நடுவில் ஒரு வால் இருந்தது. அழுக்கு என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் கால்புள்ளி. மதர் அகாத்தா தையல் அளவில் இரண்டரை அங்குலம் என்பதை 2,5 என்று எழுதுவார். தசமப் புள்ளிக்கு அவர்கள் ஊரில் கால்புள்ளிதான். நாங்கள் அதை இருபத்தைந்து என்று படித்து, பொம்மைச் சட்டையைச் சாக்கு மாதிரி தைத்துத் திட்டு வாங்கியிருக்கிறோம். இரண்டு லைசென்ஸ்களை எழுதியவர்களும் அதே தப்பைச் செய்திருக்கிறார்கள்.

"இது நம்பரே இல்ல அண்ணாச்சி. குழலோட பெட்டி."

"என்ன பெட்டி?" என்றார் மரைக்காயர்.

"இருபதாம் பெட்டி முத்து ஊரெல்லாம் இருக்கும்லா? ஒரு முத்து இன்னொரு முத்தோட பேரைத் திருடிட்டுன்னு சொல்லுவீங்களா?"

மரைக்காயர் தொப்பியை எடுத்துத் தலையைத் தடவினார். "பேச்சு நல்லாத்தான் இருக்கு, மவளே. டிப்டி பேச்சுக்கு மசியமாட்டாரு" என்றார்.

அவர் சொன்னது சரி. பள்ளிக்கூடக் கணக்கு எனக்குக் கை கொடுத்தது. ராத்தல் என்றால் பவுண்டு; ஒரு ராத்தலுக்கு ஏழாயிரம் கிரெயின். அதை 118.35ஆல் வகுத்தால் ஐம்பத்தொன்பது கிரெயினும் கொஞ்சமும் வருகிறது. மருந்து நிறுக்கும் கிரெயின் தராசு எங்கள் கடையில் இருந்தது. குழலின் வாய்க்குச் சரியாக ஒரு ஈயக்குண்டு செய்து நிறுத்தால், அது ஐம்பத்தொன்பது காட்ட வேண்டும்.

அண்ணாச்சி ஈயத்தை உருக்கினார். வார்த்த குண்டை அரத்தால் ராவி ராவி, ரைபிள் வாயில் வைத்தால் உள்ளே வழுக்கிக்கொண்டு இறங்கும்படி செய்தார். தராசில் போட்டோம். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு அவர் என் தலையில் குட்டினார். அவர் சந்தோஷப்பட்டால் அப்படித்தான் செய்வார்.

4. டிப்டியின் மேஜை

திங்கட்கிழமை ரைபிள்களையும் தராசையும் ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போனோம். பேச்சிமுத்து எங்களுக்கு முன்பே வந்து ஆபீஸ் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கையில் மாற்று வேட்டி ஒன்று இருந்தது. ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தால் என்று கொண்டுவந்திருக்கிறார்.

"தாயி, ஏதாச்சும் வழி இருக்கா?"

"இருக்கு" என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்புறம் தோன்றியது.

உள்ளே டிப்டி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணா பேசப்போறது?"

"அவதான் சார் பேசணும். எனக்குக் கணக்கு நிக்காது."

மதர் படித்துச் சொன்னதைச் சொன்னேன். குண்டும் ராத்தலும் சொன்னேன். டிப்டி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரு தாளை இழுத்துத் தாமே வகுத்தார். விடை வந்ததும் குண்டை முதலில் மரைக்காயர் ரைபிள் வாயில் இறக்கிப் பார்த்தார், அடுத்து பேச்சிமுத்துவுடையதில். இரண்டிலும் ஒரே மாதிரி இறங்கியது. தராசில் வைத்தார். ஐம்பத்தொன்பது.

"சரி" என்றார். "இது நம்பர் இல்லை. ஒத்துக்கறேன்."

அண்ணாச்சி மூச்சை விட்டார். டிப்டி முடிக்கவில்லை.

"ஆனா இப்ப நிலைமை இன்னும் மோசம். ரெண்டு லைசென்ஸிலயும் கம்பெனி பேரும் இல்லை, நம்பரும் இல்லை. மரைக்காயர் வீட்டுக்கு மூணு தலைமுறை லைசென்ஸ் இருக்கு. இவருக்கு என்ன இருக்கு? இது தோணியில வந்த துப்பாக்கி இல்லைன்னு நான் எதை வெச்சு எழுதறது?"

பேச்சிமுத்து மாற்று வேட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

செய்தவர் தம் பெயரை எங்கேயாவது போட்டிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் நான் பார்த்தாகிவிட்டது. மிச்சம் ஒரே இடம்தான். குழலுக்கு அடியில் கை பிடிப்பதற்கு ஒரு மரம் உண்டு, திருகாணியால் இறுக்கியிருக்கும். துடைக்க, எண்ணெய் போட அதைக் கழற்ற வேண்டியதில்லை. சில இங்கிலீஷ் துப்பாக்கிகளில் அந்த மரத்துக்கடியில் நம்பர் இருப்பதை ரிப்பேரின்போது அண்ணாச்சி பார்த்திருக்கிறார். இந்த இரண்டையும் அவர் ஒருநாளும் கழற்றியதில்லை.

"மரத்தைக் கழற்றிப் பார்க்க உத்தரவு வேணும் சார்" என்றேன். "ரெண்டிலயும் வேற வேற நம்பர் இருக்கும்."

"இல்லைன்னா?"

"இருக்கும் சார்."

அண்ணாச்சி மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

டிப்டி தாமே அரக்கை உடைத்தார். அண்ணாச்சி திருப்புளியை எடுத்து மரைக்காயர் ரைபிளில் வைத்தார். உப்புக் காற்றில் ஊறிய ஆணி அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தோம்.

"பாத்து அண்ணாச்சி, ஒடச்சிராதீரும்" என்றார் மரைக்காயர்.

"நானும் ஆணியும் பேசிக்கிட்டிருக்கோம். நீரு நடுவுல வராதீரும்."

ஆணி ஒரு முனகலோடு சுழன்றது. மரம் பிரிந்தது. அடியில் பழைய எண்ணெய் கெட்டிப்பட்டுக் கருப்பு மெழுகாக ஒட்டியிருந்தது. அண்ணாச்சி துணியால் துடைக்கத் துடைக்க ஒரு வரி தெரிந்தது. டிப்டி பூதக்கண்ணாடியை வைத்து எழுத்துக் கூட்டினார்.

"ஏ. டோர்விங்கல். சூல். அறுபத்தொண்ணு."

"சூலா?" என்றார் அண்ணாச்சி. "ஊருக்கா சார் அப்படிப் பேரு? பிள்ளத்தாச்சி ஊரா?"

டிப்டி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜெர்மனியில் அப்படி ஒரு துப்பாக்கி ஊர் இருக்கிறது என்று தாம் படித்திருப்பதாகச் சொன்னார்.

பேச்சிமுத்து சிரிக்கவில்லை. அவருடைய ரைபிளில் இன்னும் மரம் இருந்தது.

அதைக் கழற்றினார்கள். அதே கருப்பு மெழுகு. அண்ணாச்சி துடைத்தார். வெறும் இரும்பு. இன்னும் கொஞ்சம் துடைத்தார். மறுபடியும் வெறும் இரும்புதான். மரைக்காயர் பேச்சிமுத்துவைப் பார்த்தார். பேச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

நான் துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன். மற்றதில் எழுத்து எங்கே இருந்தது என்று விரலால் அளந்து பார்த்தேன். அதே இடத்தில் இதில் மெழுகு இன்னும் தடிப்பாக ஏறி, இரும்போடு இரும்பாகச் சமதளமாக இருந்தது. சேலை முந்தானையை மண்ணெண்ணெயில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். புதுச் சேலை. முதலில் ஒரு ஏ வந்தது. பிறகு எல்லாம் வந்தன.

"ஏ. டோர்விங்கல், சூல்" என்று படித்தேன். நம்பரை மட்டும் டிப்டியிடமே விட்டேன். கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"அறுபத்து நாலு."

இரண்டு ஆணித் தலைகளையும் அவர் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைய கீறலைத் தவிர வேறு கீறல் இல்லை. செய்த நாளிலிருந்து யாரும் திறக்கவில்லை. யாரும் பின்னால் நம்பர் குத்தியிருக்கவும் முடியாது.

அப்போது மரைக்காயர் எழுந்து நின்றார்.

"பேச்சிமுத்து, ஒங்கய்யாவுக்குத் துப்பாக்கி குடுத்தது எந்த ஜமீன்?"

அவர் ஜமீன் பெயரைச் சொன்னார். மரைக்காயர் இரண்டு ரைபிள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், எங்க வாப்பாவோட வாப்பா கொழும்புல ஒரு கப்பக்காரன்கிட்ட இதுல ஜோடியா ரெண்டு வாங்கினாவ. ஒண்ண அந்த ஜமீனுக்கு நஜர் காணிக்கையாக் குடுத்ததா வீட்டுல சொல்லுவாவ. அந்த ரெண்டாவது துப்பாக்கி என்ன ஆச்சுன்னு எங்க யாருக்கும் தெரியாது. இதான் அது. எழுதிக்கிடுங்க, நான் சாட்சி." பிறகு பேச்சிமுத்துவின் பக்கம் திரும்பி, "ஒன்னத் திருடன்னு நெனச்சிட்டேன், தம்பி. மனசுல வச்சுக்கிடாத" என்றார்.

பேச்சிமுத்து மாற்று வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உத்தரவு எழுதப்பட்டது. லைசென்ஸைத் திருத்துவதற்கு டிப்டியின் கிளார்க் பேனாவை எடுத்தார். அந்தப் பெயரில் இரண்டாவது எழுத்திலேயே நின்றுவிட்டார்.

"ஓ மேலே ரெண்டு புள்ளி எதுக்கு? விட்டுடலாமா?"

"விடக் கூடாது. அது அவர் பேர்ல இருக்கு" என்றேன்.

டிப்டி பேனாவை வாங்கி என் பக்கம் நீட்டினார். "நீயே எழுதும்மா."

சர்க்கார் லைசென்ஸில், டிப்டி கலெக்டர் மேஜையில், நின்றபடியே எழுதினேன். அப்பாவிடம் சாயங்காலம் சொன்னபோது, "சர்க்கார் பேனாவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி அதையே சொன்னார்.

பேச்சிமுத்து துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸ் வாசல்வழியே நடந்து போனார். இந்தத் தடவை போலீஸ்காரர்தான் திரும்பிப் பார்த்தார்.

5. டோர்விங்கல் யார்?

அறுப்பு முடிந்ததும் பேச்சிமுத்து கடைக்கு ஒரு மூட்டை புது நெல்லோடு வந்தார். "பன்னி ஒண்ணுகூட இப்பம் வயப்பக்கம் வரல, தாயி. நம்ம தொரவேங்கடம் சத்தம் கேட்டாலே ஓடுது."

"எந்தத் துரைவேங்கடம்?"

"அதான் துப்பாக்கி செஞ்சவரு. நீதான பேரு கண்டுபிடிச்ச."

நான் திருத்தவில்லை. கொற்கைச் சீமை வாயில் டோர்விங்கல் அவ்வளவுதான் நுழையும்.

டிப்டி தாலுகா முழுவதும் மேக்கர் குப்ஸ்டால் என்று எழுதியிருந்த லைசென்ஸ்களைத் துப்பாக்கிகளோடு எங்கள் கடைக்கு அனுப்பிவைத்தார். ஒவ்வொரு துப்பாக்கியையும் கழற்றிப் பார்த்தோம். செய்தவர்கள் வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு ஊர்கள். டோர்விங்கல் செய்தது வேறு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அவரைப் பற்றித் தேடினேன். அண்ணாச்சியிடமிருந்த பழைய கேட்டலாக் எதிலும் அவர் இல்லை. மெட்ராஸ் கடைகளுக்கு எழுதினேன். கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். சூல் ஊருக்கே எழுதலாமென்றால் அது ரஷ்யர்கள் கையில் இருக்கிறது என்றார் மதர். ஆகவே எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த இரண்டு இரும்புகள் சொன்னதுதான். கிரீடத்துக்குக் கீழே இருக்கும் எழுத்துகள் ராஜா முத்திரை இல்லை. குழலில் மருந்தை வெடித்துப் பார்த்து, தாங்கும் என்று அவர்கள் நாட்டுச் சோதனைச் சாலை போட்ட முத்திரை. அதில் ஜி என்பது உள்ளே வரி இழுத்த குழல் என்று காட்டுவது. இது மதர் உதவியோடு தெரிந்தது. நம்பர்கள் நூறைக்கூடத் தொடவில்லை. ஆகவே சின்னப் பட்டறை. இரண்டிலும் ஏ எழுத்து ஒரே மாதிரி இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆகவே பெரிய கம்பெனி மெஷினில் போட்டதில்லை. ஒரே ஆள், ஒரே உளி, ஒரே கை. பெயரை வெளியே பெரிதாகப் போட்டுக்கொள்ளாமல், இரும்பின் தரத்தை வெளியே போட்டு, தம் பெயரை மரத்துக்கடியில் வைத்தவர். இவ்வளவு தெரிந்தது. நாலு பக்கம் எழுதி டிப்டிக்குக் கொடுத்தேன். அவர் அதை மேலே அனுப்பினார். இப்போது ஜில்லாவில் எங்கே பழைய துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டாலும், மேக்கர் பெயர் எழுதும் முன்னால் தூத்துக்குடிக் கடையில் காட்டச் சொல்கிறார்கள். துப்பாக்கியோடு வருபவர்கள் வாசலில் நின்று, "அந்தப் பிள்ள இருக்காளா?" என்று கேட்டுவிட்டுத்தான் அண்ணாச்சியையே பார்க்கிறார்கள்.

படிப்பு முடித்து வேலைக்குப் போகும் தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆபீஸில் உங்களைப் படித்துக் காட்டச் சொல்வார்கள். நீங்கள் படிப்பீர்கள்; பத்துப் பேர் தலையசைப்பார்கள்; அந்தத் தாளின்பேரில் ஒருவர் ஜெயிலுக்குப் போவார். ஆகவே படிப்பதோடு நிறுத்தாதீர்கள். தாளைக் கீழே வைத்துவிட்டு, அது எந்தப் பொருளைப் பற்றிச் சொல்கிறதோ அந்தப் பொருளைக் கையில் எடுங்கள். முன்னால் எழுதியவரும் நம்மைப் போல அவசரத்தில் இருந்தவர்தான். நாம் படித்தது நம் வீட்டுக்கு மட்டும் பெருமையாக நிற்கக் கூடாது; யாராவது ஒருவர் மாற்று வேட்டியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒருவர் துப்பாக்கியோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன். "மேக்கர்: மெஸ்ஸர்ஸ் பேட்டென்ட்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறது.

அண்ணாச்சியிடம் திருப்புளி கேட்டிருக்கிறேன்.